டிப்பர் மண்ணில் புல் வளர்ப்பது: நுண்ணுயிர் உரங்களோடு என் அனுபவம்

எங்கள் குமரி மாவட்டத்தில் புது வீட்டு முற்றத்துக்குப் புல்தரை என்றால் முதலில் வருவது டிப்பர்தான். எங்கோ ஒரு குன்றை வெட்டிய செம்மண் நாலைந்து லோடு இறங்கும். ஜேசிபி அதைப் பரத்தி, சக்கரத்தாலேயே மிதித்து அழுத்திவிட்டுப் போகும். அதன்மேல் கொரியன் புல்லைத் துண்டு துண்டாகப் பதிப்பார்கள். பால்காய்ப்பு அன்றைக்குப் பார்க்க அம்சமாகத்தான் இருக்கும். புல்லோடு ஒட்டி வந்த நர்சரி மண்ணின் சத்து தீர்ந்ததும் அங்கங்கே மஞ்சள் தட்டும். ஒரு மழைக்காலம் கழிந்தால் வட்டம் வட்டமாகக் காயும். அப்போதுதான் எனக்கு போன் வரும். "அண்ணே, ஏதோ நுண்ணுயிர் உரம்னு ஒண்ணு இருக்காமே, அதப் போட்டா சரியாயிரும்னு யூடியூப்ல பாத்தேன். கொண்டு வந்து போட்டுத் தாருங்க."

தக்கலைக்கும் அழகியமண்டபத்துக்கும் நடுவில் சின்னதாக ஒரு நர்சரி நடத்துகிறேன். செடி விற்பதோடு சில வீடுகள், ஒரு கல்யாண மண்டபம், ஒரு தேவாலய வளாகம் ஆகியவற்றின் தோட்டத்தையும் பராமரிக்கிறேன். டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ், அசோஸ்பைரில்லம், வேம் என்று பாக்கெட்டில் வருகிற நுண்ணுயிர்கள் எல்லாவற்றையும் பல வருஷமாகப் போட்டுப் பார்த்துக்கொண்டு வருகிறேன். போனில் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது, "போடலாம், பலன் உண்டு, ஆனால் அது கடைசி வேலை" என்பதுதான். அதைக் கேட்டதும் பலருக்கு முகம் சுண்டிவிடும். பாக்கெட் இருநூறு ரூபாய், அதற்கு முன்னால் நான் சொல்கிற வேலைக்குச் செலவு அதிகம்.

முதலில் அந்த டிப்பர் மண்ணைப் பற்றி. பழைய விளையில் (தோப்பு நிலத்தில்) மம்பட்டியால் ஒரு வெட்டு வெட்டிப் பாருங்கள். மேலே ஒரு சாண் மண் கறுத்து, பொலபொலவென்று வரும். வேர் நூல்கள், ஒன்றிரண்டு மண்புழு, மக்கின இலை வாசம், எல்லாம் இருக்கும். டிப்பரில் வந்தது அப்படியில்லை. குன்றின் மேல்மண்ணுக்குக் கீழே பத்தடி, இருபதடி ஆழத்தில் கிடந்தது. அதில் இலை விழுந்ததில்லை, வேர் போனதில்லை. ஈரமாக இருந்தால் கையில் சிவப்புக் களியாக அப்பும். ரெண்டு வெயில் அடித்தால் கடப்பாரை கேட்கும். மணமே இருக்காது. நுண்ணுயிர்களுக்குச் சாப்பாடு கரிமப்பொருள். இந்த மண்ணில் அது அநேகமாக இல்லை. பாக்கெட்டில் இருக்கிற கோடிக்கணக்கான பாக்டீரியாவை இதில் கொட்டினால் அவை பட்டினி கிடக்கும், சில வாரத்தில் எண்ணிக்கை விழுந்துவிடும்.

இன்னொன்று, எங்கள் பக்கத்துச் செம்மண் புளிப்பு மண், அதாவது அமிலத்தன்மை உள்ளது. மழை அதிகம் என்பதால் சுண்ணாம்புச் சத்தெல்லாம் கழுவிக்கொண்டு போய்விட்டது. மிஞ்சிய இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தை (பாஸ்பரஸை) கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். தழைச்சத்தும் மணிச்சத்தும் கலந்த 20:20 உரம் மூட்டை மூட்டையாகப் போட்டாலும் அதிலுள்ள மணிச்சத்தில் பெரும்பங்கு மண்ணிலேயே பூட்டிக்கொள்வது இதனால்தான். பூட்டிய மணிச்சத்தைக் கரைத்துத் தருகிற பாஸ்போபாக்டீரியாவுக்கும் வேர்ப்பூஞ்சாணமான வேமுக்கும் இங்கே வேலை இருப்பதும் இதே காரணத்தால்தான்.

ஆனால் ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு வகை மண் இருக்கும் என்பதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. சுற்றுச்சுவர் ஓரமாகத் தெற்றி (இட்லிப்பூச் செடி) நட்டிருப்பார்கள். அந்த வரிசை மட்டும் வெளுத்திருக்கும். கொழுந்து இலையைக் கிள்ளிப் பார்த்தால் நரம்பு பச்சையாகவும் நடுவில் மஞ்சளாகவும் இருக்கும். அந்தச் சுவர் பூசும்போது விழுந்த சிமென்ட்டும் காரையும் அங்கேயே மண்ணில் புதைந்து கிடக்கிறது. அதனால் அந்த ஓரத்தில் மட்டும் மண் புளிப்புக்கு நேர்மாறான காரத்தன்மைக்கு மாறிவிட்டது, செடிக்கு இரும்புச்சத்து எடுக்க முடியவில்லை. இதற்கு எந்த நுண்ணுயிரும் மருந்தில்லை. ஒரு முழம் அகலத்துக்குத் தோண்டி, காரைக்கட்டிகளைப் பொறுக்கி வெளியே போட்டு, நல்ல மண்ணும் தொழுவுரமும் நிரப்பி நட்டால் சரியாகிவிடும். தெற்றி புளிப்பு மண்ணை விரும்புகிற செடி. நம்மூர் வேலியோரத்தில் யாரும் கவனிக்காமலே பூத்துக் குலுங்குவதைப் பார்த்திருப்பீர்கள்.

சரி, பாக்கெட்டுகளுக்கு வருவோம்.

புல்தரைக்கு அசோஸ்பைரில்லம் என்றால் சிலர், "அது நெல்லுக்குப் போடுறதுல்லா?" என்று கேட்பார்கள். அது காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்துத் தருகிற பாக்டீரியா என்று உலகம் கவனித்ததே புல்லை வைத்துத்தான். 1970களில் பிரேசிலில் யோகன்னா டோபரெய்னர் என்ற பெண் விஞ்ஞானி வெப்பநாட்டுப் புல்வகைகளின் வேரில் இதை ஆராய்ந்தார். அதற்குப் பிறகுதான் நெல், சோளம் என்று பரவியது. அதற்காக யூரியாவே வேண்டாம் என்று நினைக்காதீர்கள். புல்லின் மொத்தத் தேவையை அது தராது, ஒரு பகுதியைத்தான் தரும். வேரில் கிளைவேர்களை அதிகம் விடவைப்பது அதன் இன்னொரு குணம். என் கணக்கில் புல்தரைக்கு அதுதான் பெரிய லாபம், ஏனென்றால் கோடையில் தாக்குப்பிடிப்பது வேர்தான்.

சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ் வேறு ரக பாக்டீரியா. புற ஊதா ஒளியில் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும் ஒரு பொருளைச் சுரக்கிறது. அந்தப் பொருள் சுற்றியுள்ள இரும்பைக் கவர்ந்து வைத்துக்கொள்ளும். நோய்ப் பூஞ்சாணத்துக்கு இரும்பு கிடைக்காமல் போகும். டிரைக்கோடெர்மாவோ நோய்ப் பூஞ்சாணத்தின் இழைமேல் சுற்றிக்கொண்டு அதையே தின்கிற பூஞ்சாணம். ரைசோக்டோனியா என்ற நோய்ப் பூஞ்சாணத்தை அது தாக்குவதை ரிச்சர்ட் வைண்ட்லிங் 1932-ல் எழுதினார். எங்கள் மழைக்காலப் புல்தரைகளில் வட்டம் போடுகிற முக்கியமான பேர்வழியும் அதே ரைசோக்டோனியாதான்.

தேவாலய வளாகத்தில் ஒரு சோதனை செய்து பார்த்தேன். ஃபாதருக்கு இதிலெல்லாம் ஆர்வம் உண்டு, அதனால் அனுமதி சுலபமாகக் கிடைத்தது. முன்பக்கத்துப் புல்தரையைக் கயிறு கட்டி நீளவாக்கில் பிரித்தோம். ஒரு பட்டையில் வழக்கம்போல யூரியா மட்டும். அடுத்த பட்டையில் முள்கம்பியால் மண்ணில் துளை குத்தி, சலித்த மக்கிய தொழுவுரத்தை மணலோடு கலந்து லேசாகத் தூவினோம். மூன்றாவதில் அதே தொழுவுரம், ஆனால் டிரைக்கோடெர்மாவும் சூடோமோனாஸும் அசோஸ்பைரில்லமும் சேர்த்தது. குத்துவதும் தூவுவதும் இரண்டிலும் ஒரே மாதிரி.

வெயில் காலம் முழுக்க இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் பெரிதாக இல்லை. இரண்டுமே நன்றாகப் பச்சை பிடித்தன. யூரியா பட்டை போட்ட வாரத்தில் எல்லாவற்றையும் விட அடர்த்தியாகத் தெரிந்தது, அப்புறம் வெளுத்தது, மறுபடி போட வேண்டியதாயிற்று. "அப்போ நுண்ணுயிர் சும்மாவா?" என்று ஃபாதர் கேட்டார். அந்த நேரத்தில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஜூன் பிறந்து தென்மேற்குப் பருவமழை வலுத்ததும் கதை மாறியது. யூரியா பட்டையில்தான் முதலில் வட்டம் விழுந்தது. தொழுவுரம் மட்டும் போட்ட பட்டையிலும் ஓரத்தில் கொஞ்சம் விழுந்தது. மூன்றாவதில் இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன், ஒன்றிரண்டு இடத்தில் உள்ளங்கை அளவுக்கு வந்து அதோடு நின்றது. மழை ஓய்ந்த பிறகு அங்கேதான் புல் சீக்கிரம் மூடியது. ஒரு தோட்டம், ஒரு பருவம், ஆராய்ச்சி நிலையக் கணக்கெல்லாம் இல்லை. ஆனாலும் அதற்குப் பிறகு வேறு இடங்களில் நான் பார்ப்பதும் ஏறக்குறைய இதேதான். நிறமும் அடர்த்தியும் தருவது தொழுவுரம். நுண்ணுயிரின் பலன் தெரிவது நோய் வருகிற காலத்திலும், புதிதாக நடும்போதும், உயிரே இல்லாத டிப்பர் மண்ணிலும்தான். ஆகவே கையில் இருக்கிற பணம் ஒன்றுக்குத்தான் காணும் என்றால் தொழுவுரம் வாங்குங்கள். மிச்சமிருந்தால் பாக்கெட்.

கல்யாண மண்டபத்துப் புல்தரையில் நோய் முற்றிய பிறகு கூப்பிட்டார்கள். அங்கே இருப்பது பஃபலோ புல், அகன்ற இலை. மாலையில் நிகழ்ச்சி இருப்பதால் ராத்திரி பத்து மணிக்குமேல் தண்ணீர் விடுகிற பழக்கம். மழைக்காலத்திலும் அதே. காய்ந்த வட்டத்தின் நடுவில் பார்ப்பதில் பிரயோஜனமில்லை, ஓரத்தைப் பார்க்க வேண்டும். பச்சையும் காய்ந்ததும் சேர்கிற இடத்தில் ஒரு இலையைப் பிடித்து மெல்ல இழுத்தேன். எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்தது. அடிப்பக்கம் பழுப்பாக, நீர் கோத்து, வழவழப்பாக இருந்தது. வேர் மட்டும் வெள்ளையாக நன்றாகவே இருந்தது. இலையின் உறை அழுகியிருந்தால் ரைசோக்டோனியா. வேர்ப்புழு என்றால் இலை தனியாக வராது, கம்பளத்தைச் சுருட்டுகிற மாதிரி புல்லே வேரில்லாமல் மொத்தமாகக் கிளம்பி வரும்.

இந்த நிலையில் டிரைக்கோடெர்மாவைக் கொட்டுவது வீண். அது வருமுன் காப்பது, வந்ததை விரட்டுவதில்லை. ராத்திரித் தண்ணீரை நிறுத்தி, தேவைப்பட்டால் விடியற்காலையில் மட்டும் விடச் சொன்னேன். யூரியாவை முழுக்க நிறுத்தினோம். அடியில் பஞ்சுபோலச் சேர்ந்திருந்த காய்ந்த தாளை வாரி எடுத்தோம். நோய் நிற்காத இடத்துக்கு மட்டும் பூஞ்சாணக்கொல்லி ஊற்றினோம். அதற்கு அப்புறம் பதினைந்து நாள் இடைவெளி விட்டுத்தான் நுண்ணுயிர் கலந்த தொழுவுரம். இந்த இடைவெளி இல்லாமல் மறுநாளே நுண்ணுயிர் ஊற்றுகிறவர்கள் உண்டு. கார்பென்டாசிம் என்ற பூஞ்சாணக்கொல்லி இருக்கிற மண்ணில் டிரைக்கோடெர்மா பிழைக்காது, அதுவும் ஒரு பூஞ்சாணம்தானே? சூடோமோனாஸ் பாக்டீரியா என்பதால் கார்பென்டாசிம் அதை அவ்வளவாகப் பாதிக்காது, ஆனால் தாமிர மருந்தும், பாக்டீரியாவைக் கொல்கிற ஸ்ட்ரெப்டோசைக்ளினும் அதைத் தீர்த்துக்கட்டிவிடும். எந்த மருந்துக்கு எது சாகும் என்று தெரியாவிட்டால் பதினைந்து நாள் பொறுப்பதே நல்லது. ரப்பர் தோட்டத்தை ஒட்டின வீடுகளில் மழைக்கு முன்னால் ரப்பருக்குத் தாமிர மருந்து அடிப்பார்கள். காற்றில் அது புல்தரைக்கும் வரும் என்பதையும் யோசித்து நாள் குறியுங்கள்.

தொழுவுரத்தை நுண்ணுயிர் ஏற்றித் தயாரிப்பது பெரிய வித்தையில்லை. நன்றாக மக்கிய சாணம் 90 கிலோ, வேப்பம்புண்ணாக்கு 10 கிலோ, டிரைக்கோடெர்மா 1 கிலோ. நிழலில் கொட்டிக் கலந்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்கிற, ஆனால் தண்ணீர் சொட்டாத பதத்துக்கு நனைத்து, ஈரச் சாக்கால் மூடிவிட வேண்டும். நடுவில் ஒருமுறை கிளறி ஈரம் பார்க்க வேண்டும். பத்துப் பதினைந்து நாளில் சாக்கைத் தூக்கினால் மேலே வெள்ளை இழை படர்ந்து, அதில் அங்கங்கே பாசிப்பச்சையாகப் பொடி பூத்திருக்கும். அந்தப் பச்சைதான் டிரைக்கோடெர்மாவின் வித்து. கறுப்பாகவோ ஆரஞ்சாகவோ பூத்தால் வேறு ஏதோ குடியேறிவிட்டது என்று அர்த்தம்.

இதில் கவனிக்க வேண்டியது சாணம் மக்கியிருக்கிறதா என்பதுதான். குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பாருங்கள். சூடு இருந்தால் இன்னும் வேகிறது, அதில் டிரைக்கோடெர்மாவைக் கலந்தால் வெந்துவிடும். இங்கே மாடு குறைந்துபோனதால் சாணம் பெரும்பாலும் நெல்லைப் பக்கத்திலிருந்து லாரியில் வருகிறது, பாதி மக்கியது, பாதி பச்சை, களைவிதையும் தாராளம். அதோடு வெள்ளையாகச் சுருண்ட பெரிய புழுக்களும் வரும், தென்னையைத் துளைக்கிற காண்டாமிருக வண்டின் குட்டிகள். தென்னை நிற்கிற வீட்டில் அந்தக் குவியலைச் சும்மா போட்டு வைத்தால் வண்டுக்கு நாமே தொட்டில் கட்டினதாகும். மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சாணத்தைக் குவியலில் கலப்பது இதற்குத்தான். புல்தரையில் காக்கையும் மைனாவும் ஒரே இடத்தைக் கொத்திக் கிளறினால் அங்கேயும் வேர்ப்புழு இருக்கிறது என்று அர்த்தம், அதற்கும் மெட்டாரைசியம் உதவும். ஆனால் மெதுவாகத்தான்.

சாணத்துக்குப் பதிலாகத் தென்னைநார்க் கழிவை அள்ளிக் கொட்டுகிறவர்கள் அதிகம். ஈத்தாமொழிப் பக்கம் கதம்பை (தேங்காய் மட்டை) அடிக்கிற இடங்களில் மலைபோலக் கிடக்கிறது, விலையும் மலிவு. மக்காத நார்க்கழிவில் தழைச்சத்து ஒரு பங்கு என்றால் கார்பன் நூறு பங்குக்கு மேல். அதைத் தின்னக் கிளம்புகிற நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கிற தழைச்சத்தையும் எடுத்துக்கொள்ளும், புல் மஞ்சளிக்கும். மக்க வைத்த நார்க்கழிவு அருமையான பொருள், மக்காதது தொல்லை. வாங்கும்போது நிறம் பாருங்கள். செம்பழுப்பு என்றால் பச்சை, கறுத்திருந்தால் மக்கியது.

அளவைப் பற்றி ஒரு கணக்கு. சூடோமோனாஸ் ஒரு ஹெக்டேருக்கு 2.5 கிலோ என்பது பயிருக்கான பரிந்துரை. ஒரு ஹெக்டேர் 247 சென்ட். அப்படியானால் ஒரு சென்டுக்கு வருவது வெறும் 10 கிராம். டிப்பர் மண் என்பதற்காக நான் அதைவிடக் கூடுதலாக, சென்டுக்கு நூறு கிராம்வரை, இருபத்தைந்து கிலோ தொழுவுரத்தில் கலந்து போடுவதுண்டு. அதற்குமேல் போவதில் எந்தப் பிரயோஜனமும் நான் பார்க்கவில்லை. இரண்டு சென்ட் முற்றத்துக்கு ஐந்து கிலோ எடுத்துக்கொள்ளச் சொல்கிற கடைக்காரரிடம் இந்த வகுத்தலைச் செய்து காட்டுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் எங்கள் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. இங்கே வீட்டுக்கு வீடு கிணறு. மழைக்காலத்தில் சுகாதாரப் பணியாளர்கள் வந்து கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடுவார்கள். நல்ல காரியம்தான், ஆனால் அன்றைக்கே அந்தத் தண்ணீரில் சூடோமோனாஸைக் கரைத்து ஊற்றினால் காசைக் கரைத்து ஊற்றினதாகும். குளோரின் கிருமிகளைக் கொல்லத்தான் இருக்கிறது, நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று அது பார்க்காது. வாய் அகன்ற டிரம்மில் தண்ணீரைப் பிடித்து ஒருநாள் முழுக்கத் திறந்து வைத்திருந்து பிறகு பயன்படுத்துங்கள். குழாய்த் தண்ணீருக்கும் இதே. மருந்தடித்த கைத்தெளிப்பானைக் கழுவாமல் இதற்கு எடுப்பதும் அப்படித்தான். நான் இதற்கென்று தனியாக ஒரு பூவாளியே வைத்திருக்கிறேன், தெளிப்பான் பக்கமே போவதில்லை.

காலம் பார்ப்பது எங்களுக்குக் கொஞ்சம் வேறு மாதிரி. தமிழ்நாட்டில் பல மாவட்டங்களுக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். எங்களுக்கு ஜூனில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. நெல்லுக்கே கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் வைத்த ஊர். நுண்ணுயிர் உரத்தை மே மாதக் கோடைமழை பெய்து மண் குளிர்ந்த பிறகு, பெருமழை தொடங்குமுன் போடுவேன். மறுபடி இரண்டு மழைக்கும் நடுவில், ஆவணி, புரட்டாசியில். கொட்டுகிற மழையில் போட்டால் ஓடையில்தான் போய்ச் சேரும், மாசி, பங்குனி வெயிலில் மேல்மண்ணிலேயே வறுபட்டுவிடும். மாலையில் போட்டு, லேசாகத் தண்ணீர் தெளித்துவிட வேண்டும். மாவட்டத்துக்குள்ளேயே இது ஒரே சீராக இல்லை. ஜூலையில் குலசேகரத்திலும் மார்த்தாண்டத்திலும் புல் தண்ணீரில் மிதக்கும்போது, ஆரல்வாய்மொழியில் காற்றாலை சுற்றுகிற காற்றில் தொட்டி மண் மதியத்துக்குள் காய்ந்துவிடும். அந்தப் பக்கத்து வீடுகளுக்கு நோயைப் பற்றிய கவலையே குறைவு, ஈரம் காப்பதுதான் பாடு. அங்கே மூடாக்கு இல்லாமல் எந்த நுண்ணுயிரும் நிற்காது.

வெட்டின புல்லை வாரிக் குப்பையில் போடாதீர்கள் என்று எவ்வளவு சொன்னாலும் கேட்கிறவர்கள் குறைவு. நோய் இல்லாத காலத்தில் அதை அங்கேயே விட்டால் மண்ணுக்குள் இருக்கிறவற்றுக்கு அதுதான் தினச் சாப்பாடு. உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் ஒரே வெட்டில் எடுக்காவிட்டால் துண்டுகள் சின்னதாக உள்ளே இறங்கிவிடும், அசிங்கமாகத் தெரியாது. வீட்டு விசேஷத்துக்கு முந்தின நாள் மொட்டையாக வெட்டச் சொல்வார்கள் பாருங்கள், அதைவிட ஒரு புல்தரைக்குக் கெடுதல் செய்ய முடியாது.

பூச்செடிகளுக்கு வந்தால், என் நர்சரியில் வேம் சேர்ப்பது கவரில் மண் நிரப்பும்போதே. கவருக்கு ஐந்து முதல் பத்து கிராம், வேர் வந்து தொடுகிற இடத்தில். வேம் வேரைத் தொட்டால்தான் உயிர் பெறும். வளர்ந்த செடியின் தூரில் மேலாகத் தூவிவிட்டுப் போவதில் அர்த்தமில்லை. அதன் இழைகள் வேர் எட்டாத இடம்வரை போய் மணிச்சத்தை எடுத்து வரும். 20:20-ஐக் கொட்டினால் செடி அந்தப் பூஞ்சாணத்தை அண்டவிடாது. செம்பருத்தி, தெற்றி, பிச்சி, ரோஜா எல்லாவற்றுக்கும் நன்றாக ஒட்டுகிறது. கோழிக்கொண்டையும் வாடாமல்லியும் கீரைக் குடும்பம். அந்தக் குடும்பத்துக்கு வேம் பெரும்பாலும் ஒட்டாது, போட்டுக் காசைக் கரியாக்க வேண்டாம். ஆர்க்கிடுக்கும் இது வேலை செய்யாது, அதற்கு வேறு வகைப் பூஞ்சாணம்.

தோவாளைப் பக்கத்திலிருந்து கனகாம்பரம் வாடுகிறது என்று ஒரு அக்கா செடியோடு வந்தார். வேரைக் கழுவிப் பார்த்தால் முழுக்க முடிச்சு. "இத்தன நாளா டிரைக்கோடெர்மா ஊத்திக்கிட்டுத்தானே இருக்கேன், பாத்துக்கிடுங்க" என்றார் வருத்தத்தோடு. முடிச்சு போடுவது நூற்புழு. அது வேரில் போட்ட ஓட்டை வழியாகத்தான் வாடல் பூஞ்சாணம் நுழைகிறது. காவலை ஒரு பக்கம் மட்டும் வைத்தால் போதாது. வேப்பம்புண்ணாக்கும், நூற்புழு முட்டையைத் தின்கிற பேசிலோமைசிஸும் சேர்த்து, அந்தப் பாத்தியில் ஒரு போகம் கேந்தி (செண்டுமல்லி) போடச் சொல்லி அனுப்பினேன். கேந்தியின் வேரிலிருந்து வருகிற பொருள் நூற்புழுவுக்கு ஆகாது. பூவையும் சந்தையில் விற்கலாம்.

மழைக்காலத்தில் தொட்டிச்செடியின் தூரில் வெள்ளைப் பஞ்சு படர்ந்து, அதில் கடுகளவுக்குப் பழுப்பு உருண்டைகள் தெரிந்தால் அது ஸ்கிளிரோஷியம் என்ற நோய்ப் பூஞ்சாணம். அந்த உருண்டைகள் மண்ணில் வருஷக்கணக்கில் கிடந்து மறுபடி முளைக்கும். செடியைப் பிடுங்கி, சுற்றியுள்ள மண்ணையும் ஒரு கை ஆழத்துக்கு அள்ளி வெளியேற்றிவிட்டு, மற்றத் தொட்டிகளுக்கு டிரைக்கோடெர்மா ஏற்றிய தொழுவுரம் போடுங்கள். டிரைக்கோடெர்மாவுக்குப் புளிப்பு மண் பிடிக்கும் என்பதால் நம்மூரில் இது நன்றாகவே எடுபடுகிறது.

அப்புறம் காளான். மழை விட்டதும் புல்தரையில் குடைகுடையாக முளைத்தால் வீட்டுக்காரர்கள் பதறி மருந்தடிக்கச் சொல்வார்கள். அந்த இடத்தில் முன்னால் என்ன நின்றது என்று கேட்டால் தென்னை அல்லது ரப்பர் என்பார்கள். மரத்தின் அடிக்கட்டையைத் தோண்டாமல் மேலே மண் போட்டு நிரவியிருப்பார்கள். காளான் அந்தக் கட்டையைத் தின்றுகொண்டிருக்கிறது, தின்று முடித்தால் போய்விடும். குழந்தைகள் வாயில் வைத்துவிடாமல் பறித்துப் போட்டால் போதும்.

வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தை வாசியுங்கள். மத்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா போன்றவை பொடியாக இருந்தால் ஒரு கிராமில் குறைந்தது 5 கோடி, திரவமாக இருந்தால் ஒரு மில்லியில் 10 கோடி உயிரணு இருக்க வேண்டும். டிரைக்கோடெர்மா விரிடிக்கு ஒரு கிராமில் 20 லட்சம். எண்ணிக்கையே போடாத பாக்கெட்டைத் தொடாதீர்கள். சூடோமோனாஸ் பொடிக்கு ஆயுசு சில மாதம்தான். நோயைத் தடுக்கப் போடுகிற இன்னொரு பாக்டீரியாவான பேசில்லஸ் சப்டிலிஸ் வித்தாக உறங்கிக் கிடக்கும் என்பதால் வெயிலையும் நாளையும் கொஞ்சம் தாங்கும். அதனால் கடையில் எது எப்போது வந்தது என்று தெரியாதபோது நான் பேசில்லஸையே எடுப்பேன். தகரக்கூரைக் கடையில், வாசல் வெயிலில் அடுக்கி வைத்திருந்தால் தேதி எதுவாக இருந்தாலும் வேண்டாம். வேளாண் விரிவாக்க மையங்களில் இருப்பு இருந்தால் நல்ல சரக்கு குறைந்த விலைக்கே கிடைக்கும். பேச்சிப்பாறையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் திருப்பதிசாரத்தில் வேளாண் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. நோய் பிடித்த புல்லை ஓரத்துப் பச்சையோடு சேர்த்து ஒரு பிடி வெட்டி, ஈரக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு போனால் பார்த்துச் சொல்வார்கள். காய்ந்த நடுப்பகுதியை மட்டும் கொண்டுபோனால் அவர்களாலும் ஒன்றும் சொல்ல முடியாது.